எந்த சர்ட்டிபிகேட் எடுக்கலாம், தம்பி?

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் தேக்கா நிலைய உணவங்காடி. அண்ணன் எனக்கு முன்பே வந்து, மேஜையில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடித்திருந்தார். எனக்கு ஒரு தே-சி (பால் தேநீர்), அவருக்கு ஒரு கோப்பி-ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி). பரோட்டா வரும்வரை ஊர்க்கதை. பரோட்டா முடிந்து கை கழுவிவிட்டு வந்ததும், சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். அவர் மகள் பிரின்ட் எடுத்துக் கொடுத்ததாம். மூன்று வரிகள்: பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ், ஒரு சைபர் செக்யூரிட்டி படிப்பு, ஒரு ஏஐ படிப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டணம், மானியம் போக மீதி, படிப்புக்கென்று அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கழியும் தொகை என்று பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார்.

"தம்பி, நீ எடுத்து வேலை வாங்கினவன். எந்த சர்ட்டிபிகேட் எடுக்கலாம், சொல்லு."

அண்ணனுக்கு 54 வயது. விண்டோஸ் சர்வர்களோடு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர். உட்லண்ட்ஸ் வீட்டு வரவேற்பறையில், மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், 1999-இல் வாங்கிய எம்சிஎஸ்இ என்ற மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் இன்னும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வேலை செய்த இடத்தில் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. மார்ச்சிலிருந்து வீட்டில் இருக்கிறார். எனக்குத் தெரிந்த அளவில், நடுராத்திரியில் விழுந்த மெயில் சர்வரை அவரைப் போல நிதானமாக எழுப்பி உட்காரவைக்கும் ஆள் இந்தத் தீவில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

தாளைப் பார்த்தேன். பதில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்ணே" என்று சொல்லிவிட்டு டௌன்டவுன் பாதையில் ஏறி புக்கிட் பாஞ்சாங் வந்து சேர்ந்தேன். மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சர்ட்டிபிகேட் எடுத்தேன், வேலை கிடைத்தது, இரண்டும் உண்மை. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் "அதனால்" என்று ஒரு சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை.

முதல் தாள்

2000-ஆம் ஆண்டு, சென்னை. ஜாவா என்று சொன்னாலே பெண் கொடுப்பார்கள் என்றிருந்த காலம். பொறியியல் முடித்து இரண்டு வருடமாக ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். சன் நிறுவனம் நடத்திய ஜாவா நிரல்மொழித் தேர்வான எஸ்சிஜேபிக்குக் கட்டணம் கட்ட அப்பாவிடம் கேட்டபோது, அவர் ஒன்றும் பேசாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா உள்ளே போய் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்த டப்பாவை எடுத்து வந்தார். தேறினேன். அடுத்த வருடம் சிங்கப்பூர் வேலைக்கு நேர்காணல் எடுத்தவர் என் விண்ணப்பத்தில் விரல் வைத்த இடம் அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் அவருக்கு வெறும் காகிதம். யோசித்துப் பார்த்தால், 24 வயதுப் பையனைப் பற்றி அவர் வேறு எதை நம்ப முடியும்? அனுபவம் இருக்க வேண்டிய இடத்தில் அனுபவம் இல்லை. அங்கே அந்தத் தாள் உட்கார்ந்துகொண்டது.

பிறகு 2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. தாளைக் கொடுத்தவர் போய்விட்டார், தாளை வாங்கியவன் இங்கேயே இருந்துவிட்டேன். அண்ணனின் எம்சிஎஸ்இ-யும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியோடு அந்த வரிசையையே மூடியது. அதற்குப் பிறகும் அண்ணன் அந்தச் சட்டத்தைக் கழற்றவில்லை. நானாக இருந்தாலும் கழற்றியிருக்க மாட்டேன்.

சிரித்தது

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 2015 வாக்கில், வங்கித் தொழில்நுட்பப் பிரிவு ஒன்றில் ஆள் எடுக்கும் குழுவில் நானும் ஒருவன். அப்போது எனக்கு 38 வயது. உலகத்தில் எல்லாம் தெரிந்த வயது. ஒரு விண்ணப்பம் வந்தது. ஐம்பதைத் தொட்டவர். முதல் பக்கத்தின் மேல் பகுதி முழுக்க சான்றிதழ் முத்திரைகள், சாரணர் சட்டை மாதிரி. எண்ணினேன், பதினொன்று. நெட்வொர்க், பாதுகாப்பு, ஐடி சேவை நிர்வாகத்துக்கான ஐடிஐஎல், திட்ட நிர்வாகம், என்று கடைத்தெருவில் என்னென்ன உண்டோ எல்லாம். என் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பரீட்சை எழுதினவர் வேலை எப்போது பார்த்தார்?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த மனிதரை நேர்காணலுக்குக்கூட அழைக்கவில்லை.

அவர் பெயர் எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தப் பதினொரு முத்திரைகள் வரிசையாக நின்ற விதம் நினைவிருக்கிறது. இரண்டாவது வரிசையில் ஒன்று மட்டும் கொஞ்சம் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது.

பத்து மாதம்

2024 ஜனவரியில் என் முறை வந்தது. ஆட்குறைப்புக் கதை எல்லாருக்கும் ஒன்றுதான், விளக்கப் போவதில்லை. பதினான்கு வருட வேலை, பதினைந்து நிமிட அறை, ஒரு உறை. பணம் முறையாகத்தான் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் மாதம் உண்மையில் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது மாதம் மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் கீழே எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று காட்டும் அந்த எண்ணைப் பார்க்கும் பழக்கம் வந்தது. மூன்றாவது மாதம் காலையில் வீட்டில் இருக்க முடியாமல் போயிற்று. எதிர்வீட்டு ஆன்ட்டி மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் "இன்னிக்கு லீவா?" என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். அதனால் எட்டரைக்கே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். புக்கிட் பாஞ்சாங் பிளாசா நூலகம் அவ்வளவு சீக்கிரம் திறக்காது. திறக்கும்வரை நடப்பேன். புக்கிட் பாஞ்சாங்கில் எந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எந்த நேரத்தில் வெயில் விழும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

நாற்பதுக்கும் மேல் விண்ணப்பங்கள் போட்டும் மூன்றே அழைப்புகள். வேலை ஆலோசகர் ஒருவர் பொறுமையாக என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, இதில் இன்றைய சொற்களே இல்லையே என்றார். மேகக் கணினி (கிளவுட்) என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் இருந்தது, அதுவும் "இடமாற்றத் திட்டத்தில் பங்களித்தேன்" என்ற மழுப்பல் வாக்கியத்துக்குள். அவர் சொன்னது சரி. முதல் சல்லடை மனிதன் கையில் இல்லை, கணினி கையில். சொல் இருந்தால் கீழே விழும், இல்லாவிட்டால் மேலேயே தங்கிவிடும். அந்த மே மாதம்தான் நாற்பது வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி வந்தது. காலப் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

முதலில் அமேசானின் மேகக் கணினிப் பிரிவான ஏடபிள்யூஎஸ் நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் தேர்வு, அசோசியேட் நிலை. 130 நிமிடம், 65 கேள்விகள், 1000-க்கு 720 வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் "ஒரு நிறுவனம்" என்றுதான் தொடங்கும். ஒரு நிறுவனத்தின் தளம் மெதுவாக இருக்கிறது, ஒரு நிறுவனத்துக்குப் பழைய கோப்புகளைச் சேமிக்க வேண்டும், மிகக் குறைந்த செலவில் செய்வது எப்படி? நான்கு விடைகள். எனக்கு ஒவ்வொரு முறையும் எதிர்க்கேள்விதான் வந்தது. அந்த நிறுவனத்தில் பணம் யார் கையில்? பழைய சர்வரை வாங்கிய மேலாளர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா? தணிக்கைக்காரர் என்ன சொன்னார்? தேர்வில் அந்த நிறுவனத்துக்கு மனிதர்களே கிடையாது. அதுதான் அதன் வசதி. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடமாகக் கூட்டங்களில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு கடந்து வந்த எத்தனையோ சொற்களுக்கு அந்த ஆறு வாரத்தில்தான் பொருள் தெரிந்தது. தெரியாததைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அப்போது கரைந்தது. ஜூனில் தேறினேன்.

அடுத்தது சிகேஏ, பல சர்வர்களில் ஓடும் மென்பொருளை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் கருவிக்கான நிர்வாகத் தேர்வு. இதில் நான்கு விடைக் கேள்வி கிடையாது. கறுப்புத் திரை, இரண்டு மணி நேரம், கட்டளை தட்டி வேலையைச் செய்து காட்ட வேண்டும். 66 எடுத்தால் தேர்ச்சி. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் எங்கோ உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் மடிக்கணினியைச் சுற்றிக் காட்டச் சொல்வார், மேஜைக்கு அடியில் காட்டச் சொல்வார், சுவரில் இருக்கும் நாள்காட்டியைக் கழற்றச் சொல்வார். முருகன் படம் போட்ட நாள்காட்டி. கழற்றினேன். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. தேர்வு தொடங்கிப் பத்து நிமிடத்தில் கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம் ஆரம்பித்தது. கொம்பாங் மேளம், அதற்கு மேல் ஒலிபெருக்கியில் பாட்டு. மனைவி போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. 58 வாங்கித் தோற்றேன்.

மேளத்தின் மேல் பழியைப் போட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் வேறு. அந்தத் தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் மேலே ஒரு கட்டளை இருக்கும். அதைத் தட்டினால்தான் அந்தக் கேள்விக்குரிய கிளஸ்டருக்கு (சர்வர்க் கூட்டத்துக்கு) போவோம். அவசரத்தில் இரண்டு கேள்விகளில் அதைத் தட்ட மறந்தேன். விடை சரி, இடம் தப்பு. பக்கத்து வீட்டுக் குழாயைப் பிரமாதமாகச் சரிசெய்துவிட்டு வந்ததைப் போல. இதில் எனக்கு உறைத்தது என்னவென்றால், வங்கியில் பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட நான் தப்பான சர்வரில் கட்டளை கொடுத்ததில்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் அந்த இயந்திரத்தின் பெயரைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த எழுத்தைத் தட்டுவேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். இரண்டு மணி நேரக் கடிகாரம் அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டது. கட்டணத்தில் மறுதேர்வு ஒன்று சேர்த்தி. செப்டம்பரில் மறுபடி எழுதி, 79.

காக்கி புக்கிட், ஆறாவது மாடி

அக்டோபர் கடைசியில் ஓர் அழைப்பு வந்தது. மற்ற நிறுவனங்களுக்கு மேகக் கணினி அமைத்துக் கொடுக்கும் நடுத்தர அளவு நிறுவனம். காக்கி புக்கிட்டில் தொழிற்பேட்டைக் கட்டடம். சரக்கு ஏற்றும் மின்தூக்கியில் டீ-சட்டை மூட்டைகளோடு ஆறாவது மாடிக்குப் போனேன். நன்றாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். என்னிடம் கதைகள் இருந்தன. 2019-இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு சம்பளப் பட்டுவாடாக் கோப்பு பாதியில் நின்ற கதை. சேமிப்புக் கருவி ஒன்று தான் செத்துவிட்டதை யாரிடமும் சொல்லாமல் இருந்த கதை. வங்கிகளில் இருந்தவர்களுக்குத் தெரியும்: முக்கியமான ஒரு கட்டமைப்பு 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக் கூடாது, கோளாறு தெரிந்த 1 மணி நேரத்துக்குள் வங்கிகளைக் கண்காணிக்கும் நாணய ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குள், முன்னால் போவதா பின்வாங்குவதா என்று முடிவெடுப்பது எப்படி என்பதைப் பற்றி நான் இரண்டு மணி நேரம் பேசுவேன். கண்ணாடி முன் நின்று பேசியும் பார்த்திருந்தேன். மகள் கேட்டுச் சிரித்தாள்.

யாரும் கேட்கவில்லை.

அறையில் இரண்டு பேர். மனிதவளப் பிரிவுப் பெண் ஒருவர், தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் ஒருவர். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தை அவர்கள் புரட்டவே இல்லை. பதினான்கு வருடமும் அங்கேதான் இருந்தது. முதல் கேள்வி: சான்றிதழ்களின் சரிபார்ப்பு எண் என்ன? இரண்டாவது கேள்வி: எப்போது காலாவதியாகும்? ஏடபிள்யூஎஸ் 2027 ஜூன், சிகேஏ 2026 செப்டம்பர் என்றேன். (சிகேஏ முன்பு மூன்று வருடம் செல்லும், 2024 ஏப்ரலிலிருந்து இரண்டு வருடம்தான். என் நேரம்.) குறித்துக்கொண்டார். மூன்றாவது கேள்வி: வேலையில் சேர்ந்தால் ஏடபிள்யூஎஸ் சான்றிதழை நிறுவனத்தின் பார்ட்னர் கணக்கோடு இணைக்கச் சம்மதமா? நான்காவது: ஆறு மாதத்துக்குள் புரொஃபெஷனல் நிலைத் தேர்வு எழுதுவீர்களா? ஐந்தாவது: இந்த மாதத்துக்குள்ளேயே சேர முடியுமா?

ஐந்தாவது கேள்வியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் பெரிய மேகக் கணினிக்காரர்கள் பார்ட்னர் என்று படிநிலை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியில் நிற்கவும் இத்தனை பேர் சான்றிதழோடு இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. டெண்டர் போடும்போதும் அப்படித்தான், குழுவில் யார் யாரிடம் என்ன சான்றிதழ் என்று அட்டவணை நிரப்ப வேண்டும். ஒருவர் விலகிப் போயிருந்தார். கணக்கில் ஒன்று குறைந்தது. பந்தியில் ஓர் இலை காலியாக இருந்தது, நான் வாசலில் நின்றிருந்தேன். உட்காரச் சொன்னார்கள். எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று பந்தியில் யார் கேட்பார்கள்?

இருபது நிமிடத்தில் முடிந்தது. அவமானமா நிம்மதியா என்று தெரியாத ஒரு நிலையில் எழுந்தேன். தொழில்நுட்பத் தலைவர் மின்தூக்கி வரை கூடவே வந்தார். பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்கும்போது, பேச்சுக்குச் சொல்வது போல, ரெண்டாவதை நீங்கள் போன மாதம்தானே எடுத்தீர்கள் என்றார். ஆமாம் என்றேன். நல்லதாகப் போயிற்று, இன்னும் படிக்கிற ஆள் என்று என் மேலாளரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். மின்தூக்கி வந்தது. டீ-சட்டை மூட்டைகள் இறங்கின, நான் ஏறினேன்.

கேட்கக் கூடாத கேள்வி

"இன்னும் படிக்கிற ஆள்." காக்கி புக்கிட்டிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரை அந்த மூன்று சொற்களைத்தான் மென்றுகொண்டு வந்தேன். அதில் "இன்னும்" என்ற சொல்தான் பல்லில் சிக்கியது. 24 வயதுப் பையனிடம் யாரும் "இன்னும் படிக்கிறான்" என்று சொல்ல மாட்டார்கள்.

இங்கே விண்ணப்பத்தில் வயதைக் கேட்கக் கூடாது என்பது எல்லா முதலாளிகளுக்கும் தெரியும். கேட்பதில்லை. ஆனால் பட்டம் வாங்கிய வருடம் 1998 என்று போட்டிருந்தால் எந்தக் குழந்தையும் கழித்துச் சொல்லிவிடும். கேட்கப்படாத கேள்வி இதுதான்: இந்த ஆளுக்குப் பழைய பழக்கங்கள் இறுகிப்போய்விட்டனவா? தன்னைவிடப் பத்து வயது குறைந்தவர் சொல்வதைக் கேட்டுப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வாரா? கேட்கப்படாத கேள்விக்கு வாயால் பதில் சொல்லவும் முடியாது. "எனக்கு வயதாகவில்லை" என்று யாராவது தொடங்கினால் அங்கேயே முடிந்தது கதை. போன மாதத் தேதி போட்ட ஒரு தாள் அந்தப் பதிலைச் சத்தம் இல்லாமல் சொல்லிவிடுகிறது. எனக்கு எவ்வளவு குபெர்னெட்டிஸ் தெரியும் என்பதை அது சொல்லவில்லை. 47 வயதில் ஒரு சனிக்கிழமை கொம்பாங் மேளத்துக்கு நடுவில் உட்கார்ந்து தோற்று, மறுபடி உட்கார்ந்தான் என்பதைச் சொன்னது.

அப்போதுதான் அந்தப் பதினொரு முத்திரைக்காரர் நினைவுக்கு வந்தார். ஸ்டீவன்ஸ் நிலையம் தாண்டும்போது என்று நினைக்கிறேன். அவர் தன் அறிவைக் காட்டிக்கொள்ளவில்லை. கேட்கப்படாத அதே கேள்விக்குப் பதினொரு தடவை பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்தோம்.

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973-இல் இதைப் பற்றி எழுதினார், 2001-இல் நோபல் பரிசும் பகிர்ந்துகொண்டார். படிப்புச் சான்றிதழ் என்பது முதலாளிக்கு அனுப்பும் ஒரு சைகை. அதைப் பெற எடுக்கும் சிரமம் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால்தான் அந்தச் சைகைக்கு மதிப்பு என்பது சுருக்கம். எல்லாருக்கும் சுலபமாகக் கிடைத்துவிட்டால் அது எதையும் பிரித்துக் காட்டாது. இங்கே எனக்கு ஒரு முள் குத்துகிறது. அந்த 4,000 வெள்ளி இல்லாவிட்டால் நான் பயிற்சிக்குப் போயிருக்கவே மாட்டேன், நன்றி மறக்கக் கூடாது. ஆனால் என்னைப் போன்ற எல்லாருக்கும் அதே 4,000, அதே தொடக்கப் படிப்புகள். தொடக்கநிலைச் சான்றிதழ் எல்லார் சட்டையிலும் ஏறிவிட்டால், சல்லடைக்காரர் கண்ணியைக் கொஞ்சம் சிறிதாக்குவார், அடுத்த நிலையைக் கேட்பார். "ஆறு மாதத்துக்குள் புரொஃபெஷனல்" என்று கேட்டது அதைத்தான். அதற்காக, எடுக்காமல் இருக்க முடியுமா? சினிமாக் கொட்டகையில் முன்வரிசை எழுந்து நின்றுவிட்டால் நாமும் எழுந்துதான் ஆக வேண்டும். யாருக்கும் முன்பைவிட நன்றாகத் தெரியாது, கால்தான் வலிக்கும்.

வேலையில் சேர்ந்தபின்

நவம்பரில் சேர்ந்தேன். வங்கியில் இருந்தபோது எக்ஸ்போ நிலையம் வரை போவேன். இப்போது அதே ரயிலில் ஏழு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிடுகிறேன். சம்பளமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கிக்கொண்டது. முதல் இரண்டு மாதம் என் சான்றிதழ் வேலை பார்த்தது, நான் சும்மா இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது மாதம் ஒரு நிதி நிறுவன வாடிக்கையாளரோடு கூட்டம். பேரிடர் மீட்புத் திட்டம் பற்றி எங்கள் பையன் படங்களோடு அழகாக விளக்கினான். மறுபக்கத்தில் இருந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ராத்திரி இரண்டு மணிக்கு இது விழுந்தால், மாற்று மையத்துக்குப் போகலாம் என்று முடிவெடுப்பது யார், அவர் போனை எடுக்காவிட்டால் அடுத்து யார்? பையன் என்னைப் பார்த்தான். நேர்காணலிலிருந்தே எனக்குத் தொண்டையில் நின்ற வெள்ளிக்கிழமை இரவுக் கதை அன்றைக்குத்தான் வெளியே வந்தது. கூட்டம் அரை மணி நேரம் நீண்டது. திரும்பி வரும்போது டாக்சியில் தொழில்நுட்பத் தலைவர், இதெல்லாம் ஏன் நேர்காணலில் சொல்லவில்லை என்று கேட்டார். வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆக, அண்ணனின் தாளுக்கு வருகிறேன். மூன்று வாரத்தில் நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: எது நல்ல சர்ட்டிபிகேட் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. யாருடைய கணக்கில் ஓர் இலை காலியாக இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிஎம்பி என்றால், திட்ட மேலாளர் பெயரோடு டெண்டர் போடும் இடங்களை. பாதுகாப்பு என்றால், அவர் காலமெல்லாம் தொட்ட விண்டோஸ் கணக்கு நிர்வாகத்தை ஒட்டியதை. ஏஐ படிப்பை அடித்துவிடலாம். இன்றைக்கு அது எல்லார் தாளிலும் இருக்கிறது. எது எடுத்தாலும் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர ஒரு வழி பார்க்க வேண்டும். இதையெல்லாம் வரிசையாகக் குறிப்பெழுதி வைத்துக்கொண்டு நேற்று ராத்திரி அவருக்குப் போன் செய்தேன்.

முழுக்கக் கேட்டார். ரெண்டு தடவை "சரிதான், சரிதான்" என்றார். பிறகு, "நான் போன வாரமே சேர்ந்துட்டேன் தம்பி" என்றார்.

"எதுலண்ணே?"

"அந்த ஏஐ-லதான்."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஏண்ணே அது என்று கேட்டேன். மூன்றில் அது ஒன்றுதான் முழுநேரப் படிப்பாம், திங்கள் முதல் வெள்ளி வரை. மாதாமாதம் பயிற்சி உதவித்தொகையும் உண்டாம். அதற்கு மேல் அவர் சொல்லத் தயங்கியது போனிலேயே தெரிந்தது. காத்திருந்தேன்.

"வீட்டுல உக்காந்திருக்க முடியலப்பா. பாய லேபார்லதான் வகுப்பு, ஒம்போது மணிக்கு. ஆனா நான் ஏழரைக்கே கிளம்பிடலாம்னு இருக்கேன்."

எந்த அடுக்குமாடிக்குக் கீழே எப்போது நிழல் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. செப்டம்பருக்குள் சிகேஏ-யைப் புதுப்பிக்க வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து எனக்கும் நினைவூட்டல் வந்துவிட்டது, சனிக்கிழமைகளில் சேர்ந்து படிப்போமா என்று கேட்டேன்.

"தேக்காவிலா?"

"சத்தமா இருக்கும்ணே."

"இருந்தா இருக்கட்டும்" என்றார்.